பதினேழாம் புள்ளி

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் சாப்பிட்டது செரித்து, படுத்தால் தூக்கம் வந்து, குறை சொல்ல அதிகம் இல்லாமல் இருக்கிறோம். உன் இருமல் விட்டதா என்று அவள் தினமும் என்னைக் கேட்கிறாள், ஏதோ நான்தான் இருமுகிறேன் என்பது போல. அதை முதலில் எழுது. இனி எழுதப்போவதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் நீ சிரிப்பாய், நான் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நாற்பது வருடத்தில் நம்மைச் சுற்றியுள்ள கிராமங்களில் காடும் வயலும் எப்படி மாறியிருக்கின்றன என்று நீ செயற்கைக்கோள் எடுத்த வானத்துப் படங்களை வைத்துப் பார்க்கிறாய், படத்தில் தெரிவது நிஜமா என்று நீ புள்ளி வைத்த நாற்பது இடங்களுக்கு நேரில் போய் எழுதி அனுப்பச் சொன்னாய். முப்பத்தொன்பது இடங்களுக்கு விடுமுறை நாட்களில் என் காலாலேயே போனேன். கீழே வாய்க்கால் ஓரத்து வயல்கள் பாதிக்குப் பாதி வீடாகிவிட்டன, ஒன்பதாம் புள்ளியில் ஒருவர் வீட்டு மாடிப்படியின் மேல்தான் நிற்க முடிந்தது, அந்த வீட்டம்மா என்னை மின்கணக்கு எடுக்க வந்தவன் என்று நினைத்து உள்ளே ஓடினார். மேலே சரிவுகளில் கதை வேறு. உழுதவர்களின் பிள்ளைகள் டவுனுக்கு வேலைக்குப் போய்விட்டதால் மேட்டு நிலங்களில் புதர் ஏறி, புதருக்குள்ளிருந்து மரம் எழும்பிவிட்டது. யாரும் நட்டதில்லை. இதெல்லாம் நான் அனுப்பிய தாள்களில் சரியாகவே இருக்கிறது. பதினேழு மட்டும்தான் தவறு.

பதினேழாம் புள்ளி உன் பெரியப்பாவின் சரிவில் விழுகிறது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த காட்டைத் தன் பங்கு என்று சொல்லி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிச் சாய்த்துத் தைல மரம் நட்டாரே, அந்த இடம். அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. அவரைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவேன், அதுவும் உனக்குத் தெரியும். ஆகவே போகாமலே, நம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, 'இயற்கைக் காடு அழிக்கப்பட்டது, தைலத் தோப்பு' என்று எழுதிவிட்டேன். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இருபத்தெட்டு வருடமாக நில அளவர் வேலை பார்க்கிறவன் நான். கால் படாத இடத்தை எழுதாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! பழைய மேலதிகாரி ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்தபடியே அளவுப் புத்தகத்தை நிரப்பினார் என்று நான் மேலிடத்துக்கு எழுதித்தான் என் பதவி உயர்வு போயிற்று. அந்த மனிதரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை, இனியும் உத்தேசமில்லை. ஆனால் நான் செய்ததும் அதே வேலைதான்.

நீ போனில் மெதுவாகத்தான் கேட்டாய், பதினேழுக்குப் போனீங்களாப்பா, தைல மரம்னா வருஷம் பூரா பச்சையா இருக்கணும், இது கோடையில பழுப்பாகுது, இலை உதிர்க்கிற காடு மாதிரியில்ல தெரியுது என்று. உன் அறிக்கை என் தவறின் மேல் நிற்கக்கூடாது என்று போன ஞாயிறு காலையில் போனேன்.

இருபது மீட்டர் சதுரம் அளந்து மரங்களை எண்ணவேண்டும் என்பது உன் விதி. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். அங்கே இருந்த ஒரே ஆள் உன் பெரியப்பா, வேலி ஓரத்தில் விறகு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், என்னடா, வழி மறந்துபோச்சுன்னு நெனச்சேன் என்றார். வேலையா வந்தேன், இதைப் பிடிங்க என்றேன். பிடித்தார். பிடித்ததோடு விடவில்லை, தொய்யுது பாரு, இழுத்துப் புடிடா, இதுக்குத்தானா இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினே என்று சதுரத்தின் நான்கு பக்கமும் ஏச்சு.

எண்ணினோம். அறுபத்தொரு மரம், அதில் தைல மரம் நான்கே நான்கு, அதுவும் பழைய அடிக்கட்டையில் நோஞ்சானாகத் துளிர்த்தவை. மற்றதெல்லாம் பழைய காட்டு மரங்கள், வேரிலிருந்து தாமாகவே எழும்பித் தொடை பருமன் ஆகியிருக்கின்றன. முதல் வெட்டுக்கே விலை கிடைக்கல, மறுபடி நட ஆளும் வரல, அப்படியே விட்டுட்டேன், பதினாலு வருஷமாச்சு என்றார். எனக்கு ஏன் சொல்லல என்று கேட்டதற்கு, நீதான் தெருவைத் தாண்டிப் போயிடுறியே, கத்தியா சொல்றது என்றார். அவர் நல்லெண்ணத்தில் வளர்த்த காடு என்று நினைத்துவிடாதே, சோம்பேறித்தனத்தில் வந்த காடு. என்னைக் கேட்காமல் வெட்டியதும் வெட்டியதுதான், அதை அவரிடமே மறுபடி சொன்னேன். தலையாட்டினார். ஆனாலும் உள்ளே நிழல் இருந்தது, மட்கிய இலை கணுக்கால் வரை இருந்தது, ஓடையில் தண்ணீர் இருந்தது. அவருடைய பிளாஸ்கிலிருந்து ஆளுக்குப் பாதி டீ குடித்தோம். திரும்பி வரும்போது பத்தொன்பது வருடம் சுமந்த கோபத்தில் பதினான்கு வருடம் வீண் என்று கணக்குப் போட்டேன். மீதி ஐந்தை வைத்துக்கொள்வேன், அது நியாயமானது.

புதுத் தாள் இத்துடன் இருக்கிறது. பழையதைக் கிழிக்காதே. எங்கள் வேலையில் தவறை அழிப்பதில்லை, படிக்கும்படி ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுவோம். அப்படியே செய். 'நேரில் பார்த்தவர்' என்ற இடத்தில் உன் பெரியப்பா பெயரையும் சேர், என் பெயருக்கு மேலே போடு, கீழே போட்டால் அதற்கும் ஏதாவது சொல்வார். அந்தக் காட்டின் பழைய படம், புதுப் படம் இரண்டையும் பெரிதாக அச்செடுத்து இரண்டு பிரதி அனுப்பு. ஒன்று அவருக்கு. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

கண் எரிய எரியத் திரையைப் பார்க்காதே. உன் கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும், தொட்ட வேலை துலங்கட்டும், நல்லவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். இருமலைப் பற்றி எழுத மறக்காதே.

இப்படிக்கு,
பதினேழாம் புள்ளிக்கு நேரில் போய்வந்த
உன் அப்பா