ஏரிப் பக்கமாக இரண்டு தெரு

ஜனவரி 9, 1973
நிலநடுக்கம் வந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்று வேலைக்குப் போனேன். தபால் நிலையம் இப்போது ஒரு கூடாரம். தலைநகர் மனாகுவாவின் நடுநகரைச் சுற்றி முள்வேலி. இருபத்திரண்டு வருடமாக நான் தபால் கொடுத்த தெருக்களெல்லாம் அதற்குள்தான். நிலநடுக்கத்துக்குப் பின் வந்த கடிதங்கள் மூன்று மூட்டை கிடக்கின்றன. புது அதிகாரி டான் எரிபெர்தோ, லெயோன் என்ற ஊர்க்காரர். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொன்னார்.

"தெருவே இல்ல, யாருக்குய்யா குடுப்பே? தலைநகரமே இனி எங்க ஊருக்குத்தான் வரப்போவுது."

"முப்பத்தொண்ணுல நிலநடுக்கத்துல ஊர் தரைமட்டமானப்பவும் உங்காளுங்க இதையேதான் சொன்னாங்க ஐயா. அப்ப எனக்கு ஏழு வயசு. பதினஞ்சு நாள் குடுங்க, ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுக்கறேன்."

கொடுத்தார்.

ஜனவரி 12
நாற்பத்தொரு கடிதம்! உணவு கொடுக்கும் வரிசையில் நின்று பெயரைக் கூவினால் போதும். ஒருவர் ஐந்து பேர் இருக்கும் இடத்தைக் காட்டுகிறார்.

ஜனவரி 13
தையல்காரர் மாக்சிமோ இடிபாட்டில் செத்துவிட்டாராம். அவர் தம்பியிடம் கொடுத்தேன். பிரிக்காமலே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். தோளைத் தட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூவப் போனேன்.

ஜனவரி 16
தொர்தியா சோள ரொட்டி விற்கும் கிளொதில்தே அம்மாளை ஒரு இலவமரத்தடியில் கண்டுபிடித்தேன். அவள் மகள் ஆரோரா பக்கத்து நாடான கோஸ்தா ரிக்காவிலிருந்து அண்டை வீட்டுக்காரிக்கு எழுதியிருந்த கடிதம். அண்டை வீட்டுக்காரி இதை இவளிடம் கொடுக்கச் சொன்னாள். படித்துக் காட்டினேன்: 'நம் தெருவில் யாரும் மிஞ்சவில்லை என்று கேள்விப்பட்டேன். அம்மா ஆத்மாவுக்குப் பூசை வைத்துவிட்டேன்.'

"உசுரோட இருக்கறவளுக்கா பூசை வெச்சா? இங்க வரட்டும், பேசிக்கறேன்! எழுதுய்யா, நான் சாகலைன்னு எழுது."

எழுதினேன். அனுப்புநர் விலாசம்? யோசித்துவிட்டுப் போட்டேன்: 'ஐஸ் ஃபேக்டரி இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கமாக இரண்டு தெரு, இலவமரம்.'

ஜனவரி 17
டான் எரிபெர்தோ உறையைப் பார்த்துச் சிரித்தார். "இல்லாத ஃபேக்டரியை வெச்சு விலாசமா? பதில் வந்தா எவன் கொண்டு போவான்?"

"நான்."

முத்திரை குத்திப் போட்டார்.

ஜனவரி 24
கெடு முடிந்தது. மீதி ஒன்றரை மூட்டை. அவர் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை, நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பிப்ரவரி 26
சனிக்கிழமை ஆரோராவே பேருந்தில் வந்து இறங்கினாள். மூன்று பேரிடம் விலாசம் கேட்டாளாம், மூவரும் யோசிக்காமல் கை காட்டினார்களாம். கிளொதில்தே முதலில் முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம்தான் கட்டிக்கொண்டாள். எனக்கும் தொர்தியா கிடைத்தது.

இப்போது எல்லோரும் இப்படித்தான் விலாசம் போடுகிறார்கள். விழுந்த தேவாலயம், விழுந்த சினிமாக் கொட்டகை, விழுந்த மருந்துக் கடை. இன்று மட்டும் அறுபது கடிதம்.

சாயங்காலம் டான் எரிபெர்தோ லெயோனில் இருக்கும் மனைவிக்கு எழுதினார். இங்கேயே வீடு பார்த்துவிட்டேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்று. உறையை என்னிடம் நீட்டினார்.

"அனுப்புநர் விலாசம் சரியாப் போட்டிருக்கேனா, பாரு."

விழுந்த தேவாலயத்திலிருந்து எண்ணியதில் ஒரு தெரு குறைந்திருந்தது. திருத்திக் கொடுத்தேன்.