சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் வெயில்

அக்கா,

பதினெட்டு நாளாக வெயிலைக் காணோம். அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்ட கம்பளி காயவே மாட்டேன் என்கிறது. புகையும் ஈரமும் கலந்த அதன் வாடை இந்த ஒற்றை அறைக் காம்பரா முழுக்க நிற்கிறது. லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் இது பழகிப்போன வாடைதான். எனக்கு மட்டும் இது மூக்கில் ஏறினால் கோபம் வருகிறது, உங்களை நினைத்து.

உங்கள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மாசி பங்குனியில் நீங்கள் சிரிக்கிற சிரிப்பு அதைத் தாண்டி வரும். தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் உங்கள் வாய்க்குப் பயந்து கங்காணியே வேறு பக்கம் போய் நிற்பார். ஆனி பிறந்து மூட்டம் இறங்கிவிட்டால் அந்த மனுஷியைத் தேட வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் படுத்ததுதான். தலை வார மாட்டீர்கள். எவ்வளவு தூங்கினாலும் தூக்கம் தீராது. ரொட்டியும் சீனியும் தவிர எதுவும் இறங்காது.

"என்னாக்கா செய்யுது?" என்று கேட்டேன் ஒருநாள்.

"தெரியலடி. கையி காலு எல்லாம் இருக்கு. நாந்தான் இல்ல."

ஆவணிக் கடைசியில் வெயில் விழுந்ததும் நீங்களே எழுந்து வாசல் கூட்டுவீர்கள். வருஷா வருஷம் இப்படி நடந்தும் ஒருவருக்கும் மண்டையில் உறைக்கவில்லை. உங்கள் மாமியார் கொழுப்பு என்றார். டிஸ்பென்சரி ஐயா எல்லாருக்கும் கொடுக்கிற வெள்ளை மருந்தை உங்களுக்கும் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்.

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்தில் உங்கள் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்த ஆடி மாதம் நினைவிருக்கிறதா? துணைக்கு என்னை அனுப்பினார்கள். தலவாக்கலையில் உங்களை ரயிலில் ஏற்றுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. பட்டிப்பொல வரைக்கும் ஒரே மழை. நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் சுரங்கம். சுரங்கம் முடிந்தால் அந்தப் பக்கம் வெயில் கொளுத்துகிறது! ஒரே மலை, ஒரே நாள். அப்புத்தளை வருவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, "பசிக்குதுடி" என்றீர்கள். இரண்டாம் நாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தங்கச்சி புருஷனைக் கிண்டலடித்து நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய் எது, மருந்து எது என்று கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை எனக்கு.

திரும்பி வந்ததும் வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்று எல்லாரிடமும் சொன்னேன். அக்காவுக்கு வெயில்தான் மருந்து, அங்கே நன்றாகச் சாப்பிட்டார், சிரித்தார், பாட்டுக்கூடப் பாடினார் என்றேன். மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் மழைக்குள் எல்லாரையும் நிற்க வைத்து, கங்காணி உங்கள் காம்பராப் பக்கம் பார்த்துக் கத்தினார்:

"தங்கச்சி வீட்டுல ஆட்டம் பாட்டம், பெரட்டுன்னா நோவா? நாளைக்கு வரலேன்னா பேர வெட்டிருவேன்!"

பேர் போனால் காம்பராவும் போகும். மாமியார் உங்கள் தலைமாட்டில் கூடையைக் கொண்டுவந்து வைத்தார். நான் சாட்சி சொன்னது உங்களுக்காக. அதைத் திருப்பி உங்கள் மேலேயே எறிந்தார்கள்.

அதே மாதம் பங்களாவில் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணியும் படுத்துக்கொண்டார். காரில் டாக்டர் வந்தார். வெயில் படவேண்டும் என்று அவர் சொன்னதாகப் பங்களாச் சமையல்காரர் வந்து சொன்னார். பெட்டி கட்டித் திருகோணமலைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த துரைசாணி சிரிப்பதைப் பார்த்து எந்த நாயாவது வேலைக்கள்ளி என்று சொன்னதா? ஓடிப்போய்க் கங்காணியிடம் கேட்டேன். "துரைசாணிக்கும் ஒங்களுக்கும் ஒரே நோவா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆனியும் ஆடியும் நீங்கள் பெரட்டுக்கு வந்தீர்கள். கை கொழுந்து பறித்தது. பேச்சு இல்லை. "ஒரு சத்தம் போட்டதும் சரியாப் போச்சு பாரு" என்றார்கள், பாவிகள்! கடைசி வருஷம் மார்ச்சளிக் காய்ச்சலோடு நான்கு நாள் மழையில் நின்றிருக்கிறீர்கள். காய்ச்சல் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். ஐந்தாம் நாள் எழுந்திருக்கவில்லை, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அதற்கு முந்தின வருஷம் உங்களிடம் கெஞ்சினேன்.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வருவோம்க்கா. ரெண்டு நாளு வெயில்ல குந்திட்டு வந்துருவோம். இந்தத் தடவ யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நீங்கள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்ன பதிலைத்தான் நான் இன்னும் இறக்கி வைக்க முடியாமல் சுமக்கிறேன்.

"வேணாம்டி. அங்க போனா சிரிச்சுப்புடுவேன்."