அத்தை போட்ட எட்டு

அத்தை,

நேற்று பெய்த மழையில் நம் தெரு முழுக்கத் தண்ணீர் தேங்கிவிட்டது. காலையில் பஞ்சாயத்து ஆட்கள் வந்து தெருவின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த எனக்கு, அந்த நெடி மூக்கில் ஏறியதுமே சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா சிரிக்கிறே?" என்று அவள் திரும்பியதில் பின்னல் அவிழ்ந்துபோனது. "உங்க ஆயா ஞாபகம் வந்துட்டு" என்றேன். ஊரே மூக்கைப் பொத்திக்கொள்கிற நெடியில் எனக்கு மாமியார் நினைவு வருகிறது என்றால் யார் நம்புவார்கள்?

நீங்கள் என்னோடு நேருக்கு நேர் பேசாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, விடுதியில் தங்கி, காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் நின்றவள் நான். கம்பெனி பஸ்ஸில் பழகி உங்கள் மகனைக் கட்டிக்கொண்டேன். நீங்கள் சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. பக்கத்தில் நான் நிற்கும்போதே அவரைப் பார்த்து, "அவள துன்னச் சொல்லு" என்பீர்கள். பிள்ளை பிறந்த பிறகும் அதே கதைதான். பிள்ளையைக் கொஞ்சுவீர்கள், என்னிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்லுவீர்கள்.

பிள்ளைக்கு ஒரு வயதானதும் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் சேர்ந்தால் அதே லைனில் இடம், இல்லையென்றால் வேறு ஆள். ஆனால் பகல் ஷிஃப்ட் பஸ் ரூட்டை மாற்றியிருந்தார்கள். வல்லக்கோட்டைக்கு உள்ளே தள்ளியிருக்கும் நம் ஊருக்கு இனி வராது. உங்கள் மகனுக்கு நைட் ஷிஃப்ட்; அந்த பஸ் மட்டும் வரும், அவர் அதில்தான் போவார், ஸ்கூட்டர் வீட்டில் சும்மா நிற்கும். "நீயே ஓட்டிக்கிட்டுப் போயேன்" என்றார். சின்ன வயதில் மாமா மகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்தவள் நான். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

"என்னால முடியாது. நான் விழுந்துருவேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினீர்கள்.

"இன்னா, வேலைய வுட்ருவியா?"

"பயமா இருக்கு அத்தே."

"எனக்குந்தான் பயம். வா, ரெண்டு பேரும் கத்துக்கலாம். நீ வேலைக்குப் போய்ட்டா இந்தக் கொழந்தைய நாளைக்கு யாரு ஸ்கூலுக்கு இட்டுனு போறது?"

கூடத்தில் உங்கள் மகன் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாளே லைசென்ஸுக்கு எல்.எல்.ஆர். போட என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். வயதானவர்களுக்கு டாக்டர் சான்று வேண்டும் என்றார்கள். அந்த டாக்டர் உங்களை மேலும் கீழும் பார்த்து, "இந்த வயசுல எதுக்கும்மா வண்டி?" என்று கேட்டதும், "இந்த வயசுலதான் சார் வண்டி கெடச்சுது" என்றீர்கள். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்கு வெளியே பிளாட் போட்டு, தார் ரோடும் போட்டு, ஒருவரும் வீடு கட்டாமல் கிடந்த லேஅவுட்தான் நமக்குப் பள்ளிக்கூடம். டெஸ்ட்டில் எட்டுப் போட வேண்டும், கால் தரையில் படக்கூடாது என்று உங்கள் மகன் சொன்னதும், கோலமாவை எடுத்துவந்து தார் ரோட்டில் பெரிய எட்டு ஒன்று வரைந்தீர்கள். ஏரிக்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. அடுத்த நாள் பஞ்சாயத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்தீர்கள். தண்ணீர் தெளித்துப் போட்டதும் அது ஈரத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் உங்கள் மகன் வேலைக்குக் கிளம்பும்வரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்க, நாம் மாறி மாறி அந்த எட்டில் சுற்றினோம். நைட்டிக்கு மேலே துண்டு போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நீங்கள் ஓட்டுவதைப் பார்க்க, மாடு மேய்ப்பவர்கள்கூட நின்றுவிடுவார்கள். உங்களுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. எனக்கோ வளைவு வந்தாலே இடது கால் தானாகத் தரைக்குப் போய்விடும்.

டெஸ்ட் அன்று புடவை சக்கரத்தில் மாட்டும் என்று என் சுடிதாரைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள். கண்ணாடி முன்னால் நின்று, "இன்னாடி, டிவில வர்றவ மாதிரி கீறனா?" என்றீர்கள். நீங்கள் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தோடுதான் மைதானத்துக்கு வந்தேன். அங்கே வரிசையில் நின்ற பையன்கள் உங்களைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

முதலில் நான். பாதி எட்டு ஒழுங்காகத்தான் போனது. திரும்பும் இடத்தில் பாழாய்ப்போன கால் ஊன்றிவிட்டது. "அடுத்த வாரம் வாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அடுத்து நீங்கள். ஒரு சுற்று முடிந்தது, நிற்கவில்லை. இரண்டாவது சுற்று போனீர்கள். "போதும்மா, எறங்கு" என்று அவர் கத்த, "நல்லா வருது சார், இன்னொண்ணு போட்டுக்கறேன்" என்று மூன்றாவதும் போட்டீர்கள். இடித்துக்கொண்ட பையன்களே விசில் அடித்தார்கள்.

ஆனால் பாஸ் என்றதும் உங்கள் முகம் வாடிவிட்டது. நேராக இன்ஸ்பெக்டரிடம் போய், "சார், எனக்குக் குடுக்கறத இவளுக்குக் குடுத்துருங்க. இவளுக்குத்தான் வேல போவப் போவுது. நான் அடுத்த வாரம் வந்து திரும்பப் போட்டுக் காட்டறேன்" என்றீர்கள்.

"மாத்திக் குடுக்க இது இன்னா ரேஷன் அரிசியாம்மா?" என்று அவர் சிரித்தார். நான் அழுகையும் சிரிப்புமாக உங்களை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் நீங்கள் புது எட்டு வரைந்தீர்கள். பழையதைவிடச் சின்னது, வளைவு நெருக்கமானது. வரைந்து முடித்து, நான் வண்டியை எடுக்கும்போது பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள்.

"அத்தே, எறங்குங்க. விழுந்துருவோம்."

"வுழுந்தா சேர்ந்து வுழுவோம். நீ போ."

விழுந்தோம். இரண்டாவது வளைவில், நடு எட்டில், வண்டி ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாக. உங்கள் முழங்கையில் சிராய்ப்பு, என் உள்ளங்கையில் எரிச்சல், தலையிலிருந்து கால்வரை இரண்டு பேருக்கும் வெள்ளைப் பொடி. உங்கள் மகன் பிள்ளையோடு ஓடிவந்தார். நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. மல்லாக்கப் படுத்தபடி என்னைப் பார்த்தீர்கள்.

"இன்னா, அவ்ளோதானா? இதுக்கா இத்தினி வருசம் பயந்துகினு இருந்த?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வந்தது. ரோட்டில் படுத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். உங்கள் மகன், "ரெண்டுக்கும் பைத்தியம் புடிச்சிடுச்சு" என்று பிள்ளையிடம் சொன்னார். எழுந்து, பொடியைத் தட்டிவிட்டு, மறுபடி ஓட்டினேன். கால் இறங்கவில்லை. அடுத்த வாரம் மைதானத்திலும் இறங்கவில்லை. கம்பெனி சொன்ன கெடுவுக்குள் என் லைனில் போய் நின்றேன்.

லைசென்ஸ் கார்டுகள் தபாலில் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து, "கெளம்பு" என்றீர்கள். "எங்க அத்தே, கோயிலுக்கா?" என்றேன். நீங்கள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினீர்கள். கம்பெனி பஸ்கள் ஓடாத அந்தப் பெரிய ஒரகடம் ரோட்டில் முதலில் நீங்கள் ஓட்டினீர்கள், பிறகு நான். ஸ்ரீபெரும்புதூரில் சூடாக பஜ்ஜி சாப்பிட்டோம். நம் தெருக்காரர் ஒருவர் அங்கே பார்த்துவிட்டு, "இன்னா விசேஷம், யாரு வூட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். "யாரு வூட்டுக்கும் இல்ல. சும்மா வந்தோம்" என்றீர்கள். அவருக்குப் புரியவில்லை.

திரும்பும்போது என் காதருகே, ஹெல்மெட்டைத் தாண்டிக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னீர்கள்: "கல்யாணம் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து, இன்னாத்துக்குப் போறேன்னு சொல்லாம வாசல தாண்டினதே இல்லடி நானு."

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! குன்றத்தூர் மலை அடிவாரம்வரை போய், மேலே கோயிலுக்கு ஏறாமல், கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி ஊர்க்கதை பேசியிருக்கிறோம். சொன்னபடியே பேத்தியைப் பள்ளிக்கும் நீங்கள்தான் கொண்டுபோய் விட்டீர்கள். போன வருடம் ஒரு மத்தியானம் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, அத்தை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையை நான் விடவில்லை. போன வாரம் வண்டிச் சாவியை எடுத்தபோது உங்கள் மகன் கேட்டார், "எங்க கெளம்பிட்ட?"

"சும்மா" என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நீங்கள் பழக்கிவிட்டுப் போன வீடு இது. மகள் தன் சின்ன ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்து, "எங்கம்மா போறோம்?" என்றாள்.

"தெரியலடி. ஏறு."