பலகையில் ஒரு விருந்தாளி

என்னங்க,

வடிவமைப்பு மாணவர்கள் நாற்பது பேரை ஓர் இணையப் பலகையில் கட்டி மேய்க்கிறீர்களே, அதை நேற்று வகுப்பு நடக்கும்போது என் போனில் திறந்தேன். பெயர் கேட்டது. ‘விருந்தாளி’ என்று போட்டுக்கொண்டேன்.

யாரோ வரைந்திருந்த நாற்காலிக்குக் கீழே, “கைப்பிடி இல்லையே, முட்டிவலிக்காரங்க எதைப் பிடிச்சு எழுந்திருப்பாங்க?” என்று மஞ்சள் சீட்டு ஒட்டினேன்.

நீங்கள் வகுப்பையே நிறுத்திவிட்டீர்கள். “யாருங்க அந்த விருந்தாளி? பிரமாதம்! தயங்காம பேசுங்க. இங்க யாரும் ஒதுங்கி நிக்கக் கூடாது.”

உங்கள் குரல் போனில் ஒருமுறை கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒருமுறை கேட்டது.

எனக்கு முட்டிவலி வந்து ஒரு வருஷமாகிறது. நானும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

இன்று வகுப்பு முடிந்ததும் சமையலறைக்கு வாருங்கள். தயங்காமல் பேசுகிறேன்.

இப்படிக்கு,
பக்கத்து அறை விருந்தாளி