பெட்டியில் பூத்த பூஞ்சணம்

காந்திமதி அப்பாவுக்கு,

ஷிஃப்ட் விட்டு வந்ததும் விதைப் பெட்டியைக் கொட்டிடறேன்னு சொன்னீங்களே, கொட்டிடாதீங்க. மிளகாய் முளைச்சிருக்கு.

நீங்க பஸ் ஏறினப்புறம் மனசு கேக்காம, மேலே படர்ந்திருந்த வெள்ளைப் பூஞ்சணத்தைக் கரண்டிக் காம்பால் வழிச்சேன். அடியில் இருபது முளைக்கு மேல நிக்குது. நாத்தங்காலை மழை அடிச்சிக்கினு போனப்புறம் நம்மகிட்ட மிச்சமிருந்த விதையே இதுதான். இதுவும் போயிருந்தா இந்த வருஷம் கொல்லை தரிசுதான்.

நீங்க கம்பெனியிலிருந்து கொண்டாந்த பெட்டியில ஆயில் ஊறிக் கெடக்கு, அதான் விதை அழுகுதுன்னு நேத்து கத்தினேன். வழிச்ச மண்ணுல ஆயில் வாசனையே இல்லை. புளிச்ச கழுநீர் நாத்தம்தான். சத்துன்னு நெனச்சி மூணு நாளா அரிசி கழுவின தண்ணியை ஊத்தினது நான். தப்பு என்னுது.

மண்ணு மேல அடுப்புச் சாம்பலை மெல்லிசா தூவி, ஜன்னலோரம் வச்சிருக்கேன். மேல்மண் காயற வரைக்கும் தண்ணி வேணாம். கோழி நுழையும், கதவைச் சாத்தி வையுங்க.

நான் மண்ணூருக்குக் களையெடுக்கப் போறேன். வெளியே கிளம்பினா சாவியைப் பக்கத்து வீட்டு முனியம்மாகிட்ட குடுங்க.

அம்சவல்லி

உங்க தங்கச்சி லீலா நாத்து கேட்டு வந்தா, நாலு இலை விடட்டும்னு சொல்லுங்க. கழுநீர் விஷயத்தைச் சொல்லிடாதீங்க, அவ ஊரு வடக்குப்பட்டு வரைக்கும் சிரிப்பாங்க.

உறியில சோறும் கருவாட்டுக் குழம்பும் இருக்கு. நேத்து மாதிரி தட்டைத் தள்ளிட்டு எழுந்துக்காதீங்க. திட்டணும்னா சாப்பிட்டுட்டுத் திட்டுங்க, கேட்டுக்கறேன்.