வெருட்டினது வேறு, கலைத்தது வேறு

அண்ணை,

இன்று காலை கடை வாசலை ழவேல் வெளுப்புநீர் ஊற்றிக் கழுவினேன். இரவு யாரோ போத்தலை உடைத்துத் தன் கையையும் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும், படியில் இரத்தம் காய்ந்து கிடந்தது. தும்புத்தடியால் தேய்க்கத் தேய்க்க அந்த மணம் மூக்கில் ஏறியது. மீன் வெட்டி முடித்ததும் உங்கள் கைகளில் இருக்கும் மணம். ழவேலில் கை கழுவினால் தோல் உரியும் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். "மீன் நாத்தத்தோட மெத்ரோவில இருந்தால் வெள்ளைக்காரி எழும்பிப் போறாள், பிள்ளை. ழவேல் மணந்தால் பேசாமல் இருக்கிறாள்" என்பீர்கள்.

என் அம்மா படுக்கையில் விழுந்ததால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, நீங்கள் மீன் வெட்டிக்கொண்டிருந்த இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தவள் நான். ஆட்கள் விலை கேட்டால் விரலைக் காட்டுவேன். "வாயைத் துறந்து கதை. கதைக்கிறதுக்கு இஞ்சை வரி இல்லை" என்று மீன் வெட்டும் கட்டைக்குப் பின்னாலிருந்து சத்தம் போடுவீர்கள்.

தேர்தல் காலம் அது. வெளிநாட்டுக்காரர் வெளியேற வேண்டும் என்ற சுவரொட்டிகள் லா சப்பல் மெத்ரோ ரயில் பாலத்துத் தூண்களிலும் ஒட்டியிருந்தன. ஒரு சனிக்கிழமை தலையை மழித்த மூன்று பெடியள் கடைக்குள் வந்தார்கள். அரிசி மூட்டைகளைக் கிழித்தார்கள். ஒருவன், புருவத்தில் வெட்டுக்காயம் உள்ளவன், கருவாட்டுப் போத்தலைத் தூக்கி முதலாளியின் முகத்தில் அடித்தான். அவருடைய பல் ஒன்று என் காலடியில் விழுந்தது. நீங்கள் மீன் கத்தியோடு வந்து, நிலத்தில் காலால் உதைத்து ஒரு சத்தம் போட்டீர்கள். இரண்டு பேர் ஓடினார்கள். புருவக்காரன் வாசற்படி வரை போய், திரும்பி, உடைந்த போத்தலோடு உங்கள் கழுத்துக்குப் பாய்ந்தான். உங்கள் கத்தி அவனுடைய புயத்தில் இறங்கியது. நீங்கள் படியைத் தாண்டவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொலிஸில் மொழிபெயர்த்தவர் பாண்டிச்சேரிக்காரர், நல்ல மனிதர். நீங்கள் "நான் அவனை வெருட்டினனான்" என்றீர்கள். பயமுறுத்தினேன் என்று எங்கள் ஊர் ஆட்கள் எல்லோருக்கும் விளங்கும். அவருக்கு அது விரட்டினேன் என்று கேட்டது. துரத்திக்கொண்டு போய்க் குத்தினேன் என்று பிரெஞ்சில் பதிவாயிற்று. துரத்திப் போனவனுக்குத் தற்காப்பு என்ற பேச்சே இல்லை. மாரிக் குளிர் முழுவதும் உங்களை உள்ளே வைத்திருந்தார்கள்.

வழக்கு நாளில் அதைத்தான் திரும்ப வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் உங்கள் பக்கம் குனிந்து, "நீங்க அவனை விரட்டுனீங்களா?" என்றார். நீங்கள் மரியாதையாகத் தலையாட்டி, "ஓம், வெருட்டினனான்" என்றீர்கள்.

நான் எழும்பிவிட்டேன். எப்படி எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. அந்தச் சொல்லுக்கு அது அர்த்தம் இல்லை, துரத்தினதை நாங்கள் கலைச்சது என்போம் என்று பிரெஞ்சில் சொன்னேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, "அப்படியானால் இந்தச் சொல் என்ன, மத்மொசேல்? காட்டுங்கள்" என்றார்.

நான் காலால் ஓங்கி உதைத்து, "போடா வெளியாலை" என்று கத்தினேன். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனை விழுந்தது. பொலிஸ்காரனின் கை இடுப்புக்குப் போனது. நீதிபதியே கதிரையோடு பின்னால் சாய்ந்தார். "நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன், ஐயா" என்றேன். மொழிபெயர்ப்பாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி, பிழை தன்னுடையது என்று அவரே சொன்னார்.

உங்களுக்குச் சுர்சி கிடைத்தது. தண்டனை உண்டு, உள்ளே போகவேண்டியதில்லை. புருவக்காரனுக்கும் அதே சுர்சிதான்.

"கடையை உடைச்சவனுக்கும் சுர்சி, கடையைக் காப்பாத்தினவனுக்கும் சுர்சி" என்று முதலாளி பல் போன வாயால் கொதித்தார். "வெள்ளைத் தோல். அதுதான் இளக்கம்."

"அப்ப எனக்கு ஏன் இளக்கம் காட்டினவை? மாரிக்குள்ள நானும் வெளுத்திட்டனோ?" என்று கையை நீட்டிக் காட்டினீர்கள். அப்பா கூடச் சிரித்தார்.

பக்கத்துப் பாண் கடை மதாமும் வந்து, இந்த நீதிபதிகள் வெளிநாட்டுக்காரருக்கு இளகிப் போகிறார்கள் என்று குறைப்பட்டா. உங்களைக் கண்டதும், "உங்களைச் சொல்லவில்லை, மற்றவர்களை" என்றா. நீங்கள் சிரிக்காமல், "அவனுக்குப் பதினேழு வயசு. உள்ளுக்கு விட்டால் இதைவிடக் கெட்டுத்தான் வருவான். நான் உள்ளுக்கு இருந்து பாத்தனான்" என்றீர்கள். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். மதாம் சுட்ட சூட்டோடு இரண்டு பாணை மேசையில் வைத்துவிட்டுப் போனா.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் பொபினியில் உள்ள வீட்டுக்குத் தனியே போகக்கூடாது என்று மெத்ரோ வரை கூட வந்தீர்கள். நல்ல வெய்யில். பாண் கடைக்கு முன்னால் புருவக்காரனும் இன்னும் சிலரும் நின்றார்கள். கையில் இரும்புக் கம்பிகள். "உள்ளுக்குப் போ, பிள்ளை" என்று என்னை எங்கள் கடைக்குள் தள்ளிவிட்டு நீங்கள் மற்றப் பக்கம் ஓடினீர்கள். உங்கள் கையில் ஒன்றுமில்லை. பாலத்தடியில் முதல் அடி முழங்காலில். விழுந்த பிறகு தலையில். கம்பி எலும்பில் படும் சத்தம் வேறு, கல்லில் படும் சத்தம் வேறு. இரண்டும் எனக்குத் தெரியும். நீதிமன்றத்தில் கத்திய அதே குரலில் வாசலில் நின்று கத்தினேன். மேலே மெத்ரோ போனது, அது என் குரலை விழுங்கிவிட்டது. மதாம் என்னை விலக்கிக்கொண்டு ஓடிப் போய், தன் ஏப்ரனைக் கழற்றி உங்கள் தலைக்குக் கீழே வைத்தா. உங்கள் கண் திறந்திருந்தது. அது என்னைப் பார்க்கவில்லை.

செத்தவீட்டில் முதலாளி என்னைப் பார்த்து, "நீ அண்டைக்கு வாயைத் துறக்காட்டி, இவன் உள்ளுக்கெண்டாலும் உயிரோட இருந்திருப்பான்" என்றார். அப்பா அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து அடிக்கப் போனார். பிடித்து விலக்கினார்கள். சொன்ன சொல் மட்டும் அங்கேயே நின்றது. புருவக்காரனுக்குக் காட்டிய இளக்கம் உங்களைக் கொன்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்களுக்குக் காட்டியதும் அதே இளக்கம்தான் என்பதை யாரும் எடுப்பதில்லை. இரவில் நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். பிரிய மாட்டேன் என்கிறது.

அடுத்த மாதம் வழக்கு. அவன் என்ன சொல்லியிருக்கிறான் என்று உங்கள் பக்கத்து வக்கீல் எனக்கு வாசித்துக் காட்டினா. கொல்ல நினைக்கவில்லையாம். பயமுறுத்தத்தான் வந்தார்களாம். அப்பா அருகிலிருந்து, "என்னவாம்?" என்று கேட்டார். நான் தமிழில் சொல்லப் போனேன். வாயில் வந்தது உங்களுடைய சொல்.

"வெருட்ட வந்தவங்களாம்" என்றேன்.

எவ்வளவு காலம் உள்ளே போட வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் தெரியாது. உங்களைக் கேட்டால் பதினேழு வயசு என்றுதான் தொடங்குவீர்கள், அதுவும் எனக்குக் கோபம். வெருட்டுகிறவன் நின்ற இடத்தில் நிற்பான். இவன் பாண் கடையிலிருந்து பாலத்தடி வரை உங்களுக்குப் பின்னால் ஓடினான். அந்தச் சொல்லை அவனுக்கு நான் விடமாட்டேன்.

வாசலைக் கழுவி முடித்து, உங்கள் கட்டைக்கு முன்னால் நின்று, நீதிமன்றத்தில் சொல்லப் போவதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முதலில் பிரெஞ்சில், பிறகு எங்கள் தமிழில்.

கலைச்சவன், அண்ணை. கலைச்சுக்கொண்டு போனவன்.