சுளுக்கு என்று எழுதச் சொன்னாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது காலுறையின் தடம். அம்மாவின் வலது காலில் அது மெல்லிய கோடு, இடது காலில் விரல் பதியும் பள்ளம். அதைப் பிறகு சொல்கிறேன். நாங்கள் இருவரும் இங்கே இருக்கிறோம், நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. முதுகுவலியால் அவளால் உட்கார்ந்து எழுத முடியவில்லை, படுத்தபடி சொல்கிறாள், நான் எழுதுகிறேன்.

மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டதாம். தையல் கம்பெனியில் அவளுடைய மெஷினில் யாரையும் உட்கார வைக்கவில்லை, நீங்க வந்தாத்தான் அது சொன்ன பேச்சு கேக்கும் என்று சூப்பர்வைசரே போன் செய்தார். இதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தாள். நீ நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்கில் உட்காராமல் எழுந்து நடக்க வேண்டும். கடைசியாக, கால்ல சின்னச் சுளுக்கு, வேற ஒண்ணுமில்லேன்னு எழுதுடி என்றாள்.

சுளுக்கு இல்லை அண்ணா. முதுகுவலியால் இரண்டு வாரம் அவள் படுக்கையில் கிடந்தது உனக்குத் தெரியும். கால் கடுக்கிறது என்றதும் நீ போனில், மசாஜ் சென்டர்ல ஒரு வருஷம் துண்டு மடிச்சது போதும், அம்மா காலைப் பிடிச்சு விடு என்று கேலி செய்தாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சென்டர் முதலாளியம்மா கற்றுக்கொடுத்ததை வரிசையாகச் செய்தேன். முதலில் உள்ளங்கையால் நீளமாக நீவுவது, அதில் உடம்பு தளர்ந்து தூக்கம் வரும். பிறகு சதையைப் பிசைவது, ஓடி விளையாடுகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். தோள் இறுகிப்போனவர்களுக்குக் கட்டைவிரலால் ஆழமாக அழுத்துவது. பாதத்தில் புள்ளி பார்த்து அழுத்துவது தனி. ஆபீஸ்காரர்கள் சட்டைகூடக் கழற்றாமல் நாற்காலியில் கவிழ்ந்து சாய்ந்து, கால்மணி நேரத்தில் எழுந்து போவார்கள். அம்மா குளிருதுடி என்றதால் மூன்று நாள் காலுறையைக் கழற்றாமல், போர்வைக்குள் கைவிட்டு நீவினேன், பிசைந்தேன். அவள் நன்றாகத் தூங்கினாள்.

முதலாளியம்மா எதற்கும் முன்னால் சொல்வது ஒன்றுதான். கை வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணை வை, ரெண்டு காலையும் சேர்த்துப் பாரு, ஒண்ணு மட்டும் வீங்கிச் சூடா இருந்தா தொடாதே, டாக்டர்கிட்ட அனுப்பு. சென்டருக்கு வருகிறவர்களிடம் தவறாமல் பார்ப்பேன். அம்மா கால்தானே என்று பார்க்காமல் விட்டேன்.

நாலாம் நாள் எண்ணெய் தேய்க்கலாம் என்று காலுறையைக் கழற்றினேன். அப்போதுதான் அந்தத் தடம். இடது கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது. நான் கையை எடுத்ததும், என்னடி, டிப்ஸ் குடுத்தாத்தான் கை ஓடுமா என்றாள். எண்ணெயைத் துடைத்துவிட்டு டாக்ஸி கூப்பிட்டேன். புது ஆள் முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் ஆஸ்பத்திரியில், மூணு நாள் நான்தான் காலை அமுக்கினேன் என்று நானே சொன்னேன். ரத்தம் கட்டியிருக்கு, நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தா உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். சரி என்றேன். அழுகை வரவில்லை. கட்டில் ஓரம் கிடந்த துண்டுகளை மூன்றாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அது அழுக்கும்மா, துவைக்கப் போறது என்றார் நர்ஸ். அதற்கும் சரி என்றேன்.

இப்போது வீட்டில் மாத்திரை நடக்கிறது, இன்னும் சில வாரம் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லித்தானே என்று நீ மனசு நொந்துகொள்வாய் என்று அம்மாவுக்குப் பயம். நீ பிடித்துவிடத்தான் சொன்னாய். பார்க்காமல் பிடித்தது நான். சுளுக்கு என்று எழுதினால் நீ இந்த லீவையும் தள்ளிப்போடுவாய். வந்துவிடு.

நீ நீண்ட ஆயுளோடு, பெயர் சொல்லும்படி வாழ வேண்டும் என்று அம்மா ஆசீர்வதிக்கிறாள். தலையணையை உயரமாக வைத்துக்கொள்ளாதே, மறக்காதே என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, கையெழுத்துப் போடும் முன் முழுசா படிச்சுக் காட்டுடி என்றாள். தடத்தை விட்டுவிட்டு வாசித்தேன். சுளுக்கு வந்ததும் அங்கிருந்து நேராக ஆசீர்வாதத்துக்குப் போனேன். படுத்தபடியே, கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டாள். உறையை ஒட்டினேன் என்று எழுத முடியாது, இதை எழுதிவிட்டு ஒட்டுகிறேன்.